கல்லிடம் சொல்லிவிட்டு

மாராத்தாள் இரண்டு கைகளையும் புருஷனுக்கு அடியில் கொடுத்தாள். தோளுக்குக் கீழே ஒன்று, தொடைக்குக் கீழே ஒன்று. தூக்கவில்லை.

வாசலில் கூண்டு வண்டி பூட்டி நின்றது. இன்று வடகரப்பதியில் மாரியம்மன் நோம்பி, வருஷத் திருவிழா. போன நோம்பியிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியமுத்து, இந்த வருஷம் கல் தூக்குவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று விடியும்போதே சொல்லிவிட்டான். எதற்கு இந்த ஆசை என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

கயிற்றுக் கட்டிலிலிருந்து வண்டிக்கு நாலு எட்டுதான். நடப்பது ஒன்றும் பெரிதில்லை. தூக்கத் தொடங்கும் அந்த முதல் நொடிதான் பெரிது. அதில் துளி வெடுக்கென்று இழுத்துவிட்டாலும் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

முன்பு ஒருமுறை பங்காளிகள் சேர்ந்து, ஒரே மூச்சில், சத்தம் போட்டுத் தூக்கினார்கள். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அவன் போட்ட அலறலில் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு வேறு யாரையும் அவன் தொடவிட்டதில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த இங்கிலீஷ் டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இனி இவன் எழுந்தாலும் படுத்தாலும் இந்த இரண்டு கைகள்தான்.

அவள் கடலைக்காய் மூட்டையை வைத்துத் தூக்கிப் பழகினாள். தொழுவத்தில், படலைச் சாத்திக்கொண்டு, தினமும். மாராத்தாள் பயில்வானுக்குப் படிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ஊர் வாயை யார் மூடுவது? சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கண்ணால் பார்த்தது போதும்.

பெரியமுத்து கல் தூக்குகிற அழகே தனி. கோயில் முன்னால் கிடக்கும் குண்டுக்கல்லைக் குனிந்து கட்டிப்பிடிப்பான். பிடித்தபடி அப்படியே இருப்பான். கனம் மெல்ல மெல்லக் கைக்கும், தோளுக்கும், இடுப்புக்கும் வந்து சேரட்டும் என்று காத்திருப்பான். அப்புறம் கல் எப்போது தரையை விட்டது என்று பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது. நெஞ்சுவரை ஏற்றி, இறக்கி வைத்து, அடுத்த தடவையும் முதலிலிருந்து அதே பொறுமை.

“கல்லுகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் தூக்கோணும் மாரா. ஒவ்வொருக்காவும் சொல்லோணும். முன்ன தூக்குனது அதுக்கு நெனப்பிருக்காது.”

புதுப்பெண்ணாக இருந்தபோது அவளிடம் சொன்னது. கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன நோம்பிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாஸ்கல் கல் தூக்க வந்திருந்தான். யார் கூடுதல் தடவை தூக்குகிறார் என்பதுதான் போட்டி. பாஸ்கலுக்குக் காத்திருக்கிற வேலையெல்லாம் கிடையாது. வெடுக்கு வெடுக்கென்று பிடுங்கினான். கூட்டம் துண்டை வீசி ஆடியது. அடுத்துப் பெரியமுத்து இறங்கினான். வழக்கம்போலக் கல்லைக் கட்டிக்கொண்டு இருந்தான். தூக்கினான், இறக்கினான், மறுபடியும் கட்டிக்கொண்டு இருந்தான். கல்லை அடைகாக்கிறான், குஞ்சு பொரிக்கட்டும் என்று எவனோ சொல்ல, வடகரப்பதியே சிரித்தது.

மாராத்தாளுக்கு மானம் போயிற்று. இத்தனை காலம் எந்தப் பொறுமையைப் பார்த்துச் சொக்கிப்போனாளோ, அந்தப் பொறுமை அந்த ஒரு நிமிஷம் அசிங்கமாகப் பட்டது. வாயில் கவ்வியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, பொம்பளைகள் கூட்டத்துக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்திவிட்டாள்.

“வெடுக்குனு தூக்குங்க!”

தூக்கினான். கல் இடுப்புவரை வந்தது. அப்புறம் கல்லும் அவனும் ஒன்றாக விழுந்தார்கள்.

அந்தச் சத்தத்தில் யார் குரல் யாருக்குக் கேட்டிருக்கும்? இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தன்னைத் தேற்றி வந்தாள். அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்காத நாளில்லை. கஞ்சி ஊட்டும்போது நினைப்பாள். முதுகைத் துடைத்துவிடும்போது நினைப்பாள். தெரிந்தால் இந்தக் கையை அவன் தொடவிடுவானா? நினைப்பு அங்கேயே நின்றுவிடும். பாவி, அவனும் ஒரு நாளாவது அந்தப் பேச்சை எடுத்தானா?

“தூக்கறனுங்க” என்றாள்.

காத்திருந்தாள். அவன் கனம் கைக்கு வந்தது. கடலைக்காய் மூட்டைக்கு இருந்த கனம்கூட இப்போது அவனிடம் இல்லை. கனம் தோளுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கட்டில் கயிறு முனகியது. அவன் உடம்பு ஒரு நூல் அளவு எழுந்தது.

கோயில் பக்கம் கொட்டுமுழக்கு கேட்டது. அவன் வாய் அவள் காதோரம் இருந்தது.

“அன்னைக்கு ஊரே கத்துச்சு” என்றான். “வேற ஆரு சொல்லியிருந்தாலும் நான் வெடுக்குனு தூக்கியிருப்பனா புள்ள?”

குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் இந்தக் கைகளுக்குள் வந்து படுத்திருக்கிறான்.

அவனைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பிடிக்க முடியாது. தூக்கத் தொடங்கியாயிற்று. கை நடுங்கக் கூடாது. அழவும் கூடாது, அழுதால் உடம்பு குலுங்கும்.

மாராத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல, இன்னும் மெல்ல, அவனைத் தூக்கினாள்.