இளஞ்சிவப்புக்கு ஓர் இருமல்

அன்று அந்த லேபில் பதினைந்து பேர். மாணவர்கள் பன்னிரண்டு. பாடம் எடுத்த மேடம் ஒருவர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர். பதினைந்தாவது ஆள் லேப் அட்டெண்டர், எண்ணியவரும் அவர்தான்.

தேர்வாளருக்குப் போகிற கல்லூரியிலெல்லாம் ஒரே பட்டப்பெயர்: கத்தரி. மதிப்பெண்ணை அப்படி வெட்டுவார். குடுவையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தாளில் எழுதிய எண்ணை மட்டும் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், நகர்ந்துவிடுவார்.

ஏழாம் மேசையில் ஒட்டகம் நின்றான். உயரத்துக்குக் கிடைத்த பெயர். போன வருஷம் இதே தேர்வில் கோட்டை விட்டவன். இன்றும் விட்டால் பட்டமும் இல்லை, மாமா பேசி வைத்திருக்கும் வேலையும் இல்லை.

சோதனை கிளைசின் என்ற அமினோ அமிலம். அது ஒரு விசித்திரப் பிறவி. ஒரு கை அமிலம், மறு கை காரம். இரண்டையும் தானே கோத்துக்கொண்டு, எதுவும் தெரியாததுபோல் நிற்கும். ஃபார்மலின் ஊற்றினால் அது காரக் கையைப் பிடித்துக்கொள்ளும். அமிலக் கை தனியாக மாட்டும். பிறகு திருகு வைத்த பியூரெட் குழாயிலிருந்து காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டியதுதான். இப்படி இருபது வகை கோத்துத்தான் புரதமே உண்டாகிறதாம். எட்டாவதோடு நின்ற அட்டெண்டருக்குக் கேட்டுக் கேட்டே பாடமாகிவிட்டது.

குடுவையில் போட்ட பினாப்தலின் இளஞ்சிவப்பு தட்டும் முதல் சொட்டில் நிறுத்த வேண்டும். அங்கேதான் ஒட்டகத்துக்குச் சிக்கல். அவன் கண்ணுக்கு அந்த நிறம் கிடையாது.

முதல் வருஷமே அட்டெண்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். குடுவை ரத்தமாகச் சிவந்த பிறகும், "இன்னும் மாறலையே அண்ணே" என்று கேட்டான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நிறம் வரும்போது இருமுவார். போன வருஷம் மகள் பிரசவத்துக்கு ஒரு நாள் லீவு எடுத்தார். அந்த ஒரு நாளில்தான் ஒட்டகம் தோற்றான்.

இன்று சொட்டு விழுந்தது. ஒன்பது புள்ளி எட்டு மில்லியில் அட்டெண்டர் இருமினார். ஒட்டகம் நிறுத்தினான்.

இரண்டாவது குடுவைக்கும் இருமினார். கத்தரி திரும்பினார்.

"அட்டெண்டர், இருமல் எத்தனை நாளா?"

"இப்பத்தான் சார்."

"ஏழாம் மேசைகிட்ட வந்தா மட்டும் வருதோ?"

அட்டெண்டர் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"வெளியே போய்த் தண்ணி குடிங்க. நான் கூப்பிட்டா வந்தா போதும்."

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. அட்டெண்டர் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கத்தரி ஏழாம் மேசைக்குப் போனார். குனிந்து ஏதோ கேட்டார். ஒட்டகம் தலையைத் தொங்கப்போட்டான். கத்தரி அவன் தாளில் எழுதியதைக் குறுக்கே அடித்தார். குடுவைகளை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார்.

"பாவி மனுஷன்," என்றார் அட்டெண்டர், கண்ணாடியிடம். "புள்ள வாழ்க்கையைச் சாக்கடையில ஊத்திட்டாரே."

கதவு திறந்தது.

"மூணு சுத்தமான குடுவை கொண்டாங்க."

"எதுக்கு சார்?" முப்பது வருஷத்தில் ஒரு தேர்வாளரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கொண்டாந்துட்டுக் கேளுங்க."

மூன்றிலும் அட்டெண்டர் புதிதாகக் கிளைசினும் ஃபார்மலினும் அளந்து வைத்தார். கத்தரி சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிப் பழுப்புப் பாட்டிலை எடுத்தார். குடுவைக்கு இரண்டு துளி விட்டார்.

"சார், பினாப்தலின்தானே போடணும்?" என்றார் மேடம்.

"வேற நிறங்காட்டி போடக்கூடாதுன்னு கேள்வித்தாள்ல எழுதலயே மேடம்." ஒட்டகத்தைப் பார்த்தார். "ம், விடு. இனிமே யாரும் இரும மாட்டாங்க."

சொட்டு. சொட்டு. சொட்டு. குடுவைக்குள் நீலம் படர்ந்தது.

ஒட்டகம் பியூரெட்டைத் திருகி மூடினான். யாரும் சொல்லவில்லை, தானே மூடினான்.

"அண்ணே, எனக்குத் தெரியுது அண்ணே," என்றான். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

"ஒட்டகம் இப்பத்தான் தண்ணியையே பாக்குது போல," என்றாள் எட்டாம் மேசைக்காரி. அறையே சிரித்தது.

ஒன்பது புள்ளி ஒன்பது. ஒன்பது புள்ளி எட்டு. ஒன்பது புள்ளி எட்டு. கத்தரி எண்ணைப் பார்த்தார். முதல் தடவையாக உதடு பிதுங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, அட்டெண்டர் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கரெக்டா கடைசிச் சொட்டுல வர்ற இருமல் நோய் இல்லண்ணே. அது உத்தியோகம்." கத்தரி கையைத் துடைத்துக்கொண்டார். "நான் படிச்ச இடத்துலயும் ஒருத்தர் எனக்காக மூணு வருஷம் இருமினார்."

அட்டெண்டர் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார்.

"நான் ஏன் யார் குடுவையையும் பாக்கறதில்லைன்னு நினைச்சீங்க? எனக்கும் அந்தச் சிவப்பு தெரியாது. நீலம் தெரியும். தேர்வுக்குப் போற இடத்துக்கெல்லாம் இதைக் கொண்டு போறேன். எங்க இருமல் கேக்குதோ, அங்க ரெண்டு துளி." பாட்டிலை அவர் கையில் வைத்து மூடினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வேற கரைச்சுக்கறேன். ஒளிச்சு வைக்க இது குத்தம் இல்லண்ணே. பையன்கிட்டயும் சொல்லுங்க."

அவர் படியிறங்கிப் போனதும் அட்டெண்டர் பாட்டிலை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்தார். ஆறு மில்லி. ஸ்பிரிட்டில் கரைத்தது, மில்லிக்கு நாற்பது துளி. இருநூற்று நாற்பது துளி. ஆளுக்கு மூன்று குடுவை, குடுவைக்கு இரண்டு துளி.

திரும்பப் பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டி, பொடி எழுத்தில் எழுதினார்:

மிச்சம், நாற்பது பேருக்கு.