சுவர் உதிர்க்கும் கச்சேரி

இன்ஸ்பெக்டர் அந்த மொட்டைக் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார்.

'ஞாயிறு நான்கு மணிக் கச்சேரியில் அந்த ராக் கிட்டார்காரன் புது மெஷின் ஒன்றை ஓட்டப் போகிறான். அதன் அதிர்வில் பக்கத்து நகைக்கடைச் சுவர் பொலபொலவென்று உதிரும். ஆட்களோடு வரவும்.'

கிட்டார்காரரை ஊருக்கே தெரியும். பாதி நாள் பாட்டு, பாதி நாள் கண்டுபிடிப்பு. துணி மடிக்கும் பெட்டி செய்து, மாமனாரின் புதுச் சட்டையை நார்நாராகக் கிழித்துக் கொடுத்த புண்ணியவான்.

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே இரண்டு நகைக்கடைத் திருட்டுகளில் கோட்டை விட்டவர். இதையும் விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எல்லாரும் மஃப்டியில டிக்கெட் வாங்கிட்டு உள்ள போங்க" என்றார் ஏட்டிடம்.

"எத்தனை பேர் சார்?"

"போன் எடுக்க ஒருத்தர் இருக்கட்டும். மத்த எல்லாரும். பக்கத்து ஸ்டேஷன்லயும் ஆள் கேளுங்க."

ஞாயிறன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடை ஓரத்தில் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று நின்றது.

"சும்மா உக்காந்திருந்தா சந்தேகம் வரும். கை தட்டுங்கய்யா!" என்று கிசுகிசுத்தார் இன்ஸ்பெக்டர்.

தட்டினார்கள். மூன்றாவது பாட்டில் ஏட்டு விசிலே அடித்துவிட்டார்.

கடைசிப் பாட்டு. கிட்டார்காரர் போர்வையை உருவிப் போட்டு, பெடலை மிதித்தார். இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கிக்குப் போனது.

உர்ரென்று காற்று கிளம்பியது. கிட்டார்காரரின் நீளமுடி தாளத்துக்குத் தகுந்தபடி இடமும் வலமும் பறந்தது. அவ்வளவுதான். சுவரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை.

இன்ஸ்பெக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் 'ஒன்ஸ்மோர்' கேட்டதே அவர்தான்.

கை குலுக்கலாமென்று மேடைக்குப் பின்னால் போனார். வராந்தாவில் அரங்க மேனேஜர் கிட்டார்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் மொத்தமே பதினோரு பேரு. அதுல ஆறு பேரு உங்க வீட்டு ஆளுங்க. இன்னிக்குப் பாருங்க, உக்கார இடமில்ல! அடுத்த மாசமும் மேடை உங்களுக்குத்தான்!"

அறைக்குள் கிட்டார்காரரின் மனைவி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். மஃப்டியில் இருந்தவரை ரசிகர் என்று நினைத்து, "வாங்கண்ணா, உக்காருங்க. அவரைக் கூப்பிடறேன்" என்று எழுந்து போனார்.

மேஜைமேல் கிடந்த காகிதத்தை இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

'தீயணைப்பு அதிகாரி அவர்களுக்கு, அடுத்த கச்சேரியில் அந்தக் கிட்டார்காரன் அரங்கத்தையே கொளுத்தப் போகிறான். ஆட்களோடு வரவும், குடும்பத்தோடு வந்தால் இன்னும் நல்லது.'