வோல்ட்டர் அங்கிளின் வருமான வரி

"மகள், என்ட பென்சனில வருமான வரி வெட்டோணும்."

பிரதேச செயலகத்துப் பென்சன் பகுதியில் இருந்த றமீஸா நிமிர்ந்து பார்த்தாள். வரியைக் குறையுங்க, வரியை விடுங்க என்று மன்றாடுகிற ஆட்களைத்தான் அவள் கண்டிருக்கிறாள். வெட்டச் சொல்லிக் கேட்டு வந்த முதல் ஆள் வோல்ட்டர் அங்கிள்தான்.

"பென்சனுக்கு வரியே இல்ல அங்கிள். முழுசா பேங்குக்கு வருது. சந்தோசமா எடுத்துச் சாப்பிடுங்க."

"அது எனக்குத் தெரியும் புள்ள." அங்கிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். "மனிசிக்குத் தெரியாது. வரி வெட்டுறானுகள் எண்டு சொல்லித்தான் இவ்வளவு காலமும் ஒரு பங்க ஒதுக்கிட்டு மிச்சத்த அவளுக்கிட்டக் குடுக்கிறன். இப்ப திடீரெண்டு, 'அது என்ன வரி? நான் கந்தோரில போய்க் கேக்கிறன்' எண்டு குடையத் தூக்கிட்டாள். நாளைக்கு வருவாள். 'ஓம் அன்ரி, வெட்டுறம்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லிரு. உனக்குப் புண்ணியம் கிடைக்கும்."

"ஒதுக்கிற சல்லி எங்க போகுது?"

"அத மட்டும் கேக்காத."

கேட்கத் தேவையும் இல்லை. றமீஸா தன் கண்ணாலேயே கண்டதுதான். சண்டை முடிந்து பஸ்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த நேரம். போன மாதம் பஸ் ஸ்டாண்டில், கிரான் கிராமத்துப் பஸ் புறப்படப் போகையில், இதே அங்கிள் ஒரு இளம் பொம்பிளையின் கைக்குள் காசைப் பொத்தி வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பொடியன், அங்கிளின் காற்சட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றான்.

பல்லுப் போன வயசில் இப்படியும் ஒரு கூத்தா!

"பொய் சொல்ல எனக்கு ஏலா அங்கிள்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிள் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தவர், ஏறி ஓட மனமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார்.

சொன்னது போலவே மறுநாள் பிறிசில்லா அன்ரி வந்தா. பூப்போட்ட கவுன், பவுடர் பூசின முகம், கையில் குடை.

"என்ட மனிசன்ட பென்சனில வரி வெட்டுறீங்களாம். மெய்தானா புள்ள?"

றமீஸா கதிரையை இழுத்துப் போட்டு அவவை இருத்தினாள். பொம்பிளைக்குப் பொம்பிளை சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது?

"அன்ரி, மனசத் திடப்படுத்திக்கங்க. பென்சனில ஒரு சதமும் வெட்டுறல்ல. அங்கிள் உங்களுக்குப் பொய் சொல்றார். அந்தச் சல்லி கிரானில இருந்து வாற ஒருத்திக்குப் போகுது. கூட ஒரு பொடியனும் இரிக்கான்."

அன்ரி அழுவா, கத்துவா என்று தண்ணீர்ப் போத்தலைக் கிட்ட நகர்த்தி வைத்தாள்.

அன்ரி கேட்டதோ வேறு.

"பொடியனக் கண்டியா நீ? மெலிஞ்சா இரிக்கான்? காலில செருப்புக் கிடந்ததா?"

"அன்ரி... உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் என்ட பேரன் புள்ள, என்ட மகன் ரொபின்ட பிள்ள. அவள் கண்ணகை, எங்கட மருமகள்." அன்ரி குடைக்காம்பைத் தடவினா. "ரொபின் எங்கட சொல்லுக் கேளாமக் கிரானில போய்க் கட்டினான். அண்டைக்கு நான் சேர்ச் வாசலில நிண்டு, ஊரெல்லாம் பாக்க, 'என்ட வீட்டுக் காசு ஒரு சதம் அந்தப் பக்கம் போகாது' எண்டு மாதாவில சத்தியம் பண்ணினன். மறுகா சுனாமி வந்து ரொபினக் கொண்டு போச்சு. பாழாப் போன சத்தியத்தக் கொண்டு போகல்ல."

பிறகு அவவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சண்டைக் காலத்தில இந்த மனிசன் வாவியில தூண்டில் போடப் போறன் எண்டு சொல்லிட்டு, ஆமிக்காரன்ட சென்றியெல்லாம் தாண்டிக் கிரானுக்குச் சைக்கிள் ஓடுவார். வரக்குள்ள சந்தையில மீன் வாங்கிட்டு வருவார். காற்சட்டையப் பாத்தா கிரான் வயல் சேறு! வாவிச் சேறு எது, வயல் சேறு எது எண்டு எனக்குத் தெரியாதா? தோய்ச்சது நான்தானே?"

"அப்ப ஏன் அன்ரி தெரியாத மாதிரி இரிக்கீங்க?"

"தெரியும் எண்டு சொன்னா நான் மறிக்கோணும் புள்ள, சத்தியம் இரிக்கே. தெரியாட்டி மறிக்கத் தேவல்ல. வரி எண்டா அது கவுண்மேந்துக் காசு. என்ட வீட்டுக் காசில்ல."

றமீஸாவுக்கு, நேற்று முகத்தைத் திருப்பியது நெஞ்சில் குத்தியது. "பிறகு என்னத்துக்கு அன்ரி வரியக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அன்ரி பின்னால் திரும்பி, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினா.

"தையில பொடியன் முதலாம் வகுப்புக்குப் போவான். சப்பாத்து, புத்தகப் பை எண்டு எவ்வளவு கிடக்கு. இந்த மனிசன் ஒரு பயந்தாங்கொள்ளி, கூட எடுக்க மாட்டார். நான் சொன்னதெண்டு மூச்சு விடாம, அவரக் கண்டா இப்பிடிச் சொல்லு: 'அன்ரி வந்து கேட்டவ, வெட்டுறம் எண்டு சொன்னன். பதட்டத்தில, வாற மாசம் தொட்டு வரி இன்னும் கூடுது எண்டும் சொல்லிப்போட்டன் அங்கிள்.'"