மஞ்சள் படிந்த வடிகட்டி

மனைவி தேவகி இறந்ததிலிருந்து தங்காக் பங்களாவை யுகேந்திரன் பூட்டியே வைத்திருந்தார். அங்கிருந்த வெந்நீர்த் தொட்டியில்தான் அவள் மூழ்கிப்போனாள். தொட்டி பாழாகாமலிருக்க பராமரிப்பு ஆள் குணாளன் வாரந்தோறும் வந்து குளோரின் போட்டான். ஆள் இறங்காத தண்ணீரில் குளோரின் அப்படியே நிற்கும். இதில் நிற்கவில்லை. வடிகட்டியிலும் மஞ்சள் படிந்திருந்தது.

"பாஸ், யாராச்சும் மஞ்சள் பூசிக் குளிக்கிறாங்களா?" என்று போனில் கேட்டான்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு லா," என்றார் யுகேந்திரன். "தேவகிதான் பூசுவா."

குணாளன் வழக்கம்போல் வடிகட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் சலவைச் சோடா கரைத்த வாளியில் ஊறவைத்தான். காலையில் தண்ணீர் ஆலத்தி போலச் சிவந்திருந்தது. மஞ்சளில் சோடா பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அதை வாசலில் ஊற்றினான்.

எதிர்வீட்டு ஷாமளா அக்கா வாசலில் கொட்டிய சிவப்புத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள். "அலமாக், சொல்லவே இல்லையே தம்பி! பொண்ண அழைச்சிட்டு வந்துட்டீங்களா?"

அடுத்த வாரம் பங்களாவில் குளோரின் குறையவில்லை. வடிகட்டி வெள்ளையாக இருந்தது. தனிக்கட்டையான குணாளன் நிம்மதியாக வீடு திரும்பிக் கதவைத் திறந்தான். குளியலறைத் தரை நனைந்திருந்தது. அவனுடைய வெள்ளைத் துண்டு மஞ்சளாகி, கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.