குறையில்லாத காது

முதல் ஆளின் காதுக்குறும்பி ஹெட்போனில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததுமே விஜயபாஸ்கருக்குக் குமட்டியது. ஹெட்போனைக் கழற்றி, ஸ்பிரிட் ஊற்றி அழுந்தத் துடைத்தான். குன்னூர் மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குத் தன்னைக் காது பரிசோதிக்க அனுப்பியவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அரவை மெஷினில் இருபது வருடமாக நிற்கும் பாப்பா, ஈரக் கம்பளி நாற்றத்தோடு வந்து உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தான்.

"திடீர்னு காதுக்குள்ள கொய்ய்ய்னு கத்துதுங்க சார். கொஞ்ச நேரத்துல தானா நின்னுருதுங்க."

"லீவு வேணும்னு சொல்லு. ஹெட்போன்ல சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அமுக்கும்மா."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். நாலு முறை அமுக்கினாள்.

"சின்னச் சத்தம்கூட கேக்குதே! அப்புறம் காதுக்கு என்ன கேடு?"

"கேட்டா அமுக்கச் சொன்னீங்க. கேட்டுதுங்க, அமுக்குனனுங்க."

அவளுக்குப் பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் அதே புகாரைச் சொன்னார்கள், அதேபோல் அமுக்கினார்கள். அத்தனையும் பொய் மூட்டை! 'காதில் குறையில்லை' என்று ஒவ்வொரு தாளிலும் எழுதி மேனேஜரிடம் நீட்டினான். சங்கு ஊதியது. எல்லோரும் மெஷினுக்குத் திரும்பினார்கள்.

காது சோதிக்கும் கருவியைப் பெட்டியில் வைக்க வேண்டும். ஹெட்போனைத் தொட அருவருத்து, வயரைப் பிடித்து இழுத்தான். லேசாக வந்துவிட்டது.

கருவியில் செருகியிருக்க வேண்டிய அதன் முனை, காலையில் துடைப்பதற்காகப் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே, ஸ்பிரிட் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அந்த ஹெட்போனில் அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் வந்திருக்க முடியாது.