எஞ்சின் கோளாறு

"சிரிக்காதே பெரித்! சிரிக்காதேன்னு சொல்றேன்ல!"

பெரித் எங்கே கேட்டாள்? படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். கீழே, மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டு எதுவுமே நடக்காதது போலப் பச்சையாகக் கிடந்தது.

நடந்தது இதுதான். அவள் கணவர் ஆர்விட்டின் இடது கையில் காபி. வலது கையில் சூடான ஸ்வேலே அப்பம். அதே கையின் சுண்டுவிரலில் கார் சாவி. கடற்காகம் ஒன்று பக்கத்தில் வந்து கத்த, ஐயோ பாவம் என்று கடைசித் துண்டை வீசினார். அப்பத்தோடு சாவியும் போனது. காகம் அப்பத்தைக் கவ்விக்கொண்டது. சாவியைக் கண்டுகொள்ளவில்லை.

"போன வருஷம் இதே காரோட இன்னொரு சாவிய நான் தொலைச்சப்ப எத்தனை நாள் பிரசங்கம் பண்ணினே! சுவத்துல ஆணி அடிச்சு, 'சாவியின் இடம்'னு எழுதி வேற ஒட்டினே. இப்ப அந்த ஆணியக் கொண்டாந்து தண்ணியில அடிக்கலாமா?"

"பெரித், டிக்கியில அங்கி இருக்கு."

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது.

பதினொரு மணிக்கு அக்கரைத் தேவாலயத்தில் ஆர்விட்டின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தந்தையே ஆர்விட்தான். நான்கு தலைமுறைக் குழந்தைகள் போட்ட வெள்ளை அங்கி காருக்குள் இருந்தது. நடுத்தண்ணீரில்கூடக் காரைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன் அவர்.

உடனே, வண்டி நிற்கிற இடத்துக்கே வந்து சாவி செய்து தருகிற கடைக்குப் போன் போட்டார். "வண்டி அக்கரைப் படகுத்துறையில நிக்குது. சீக்கிரம் ஆள அனுப்புங்க."

"எங்க ஆள் அந்தப் பக்கமாத்தான் வந்துட்டிருக்கார், சார். இருபது நிமிஷத்துல துறைக்கு வந்துடுவார். அவர் நம்பர் தரேன், எழுதிக்கோங்க."

"படகுலன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் பெரித்.

"சொன்னா எப்படித் தொலைச்சேன்னு கேப்பாங்க. காக்காவுக்கு ஊட்டினேன்னு சொல்லவா? இந்த ஊர்ல சாகுற வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பாங்க. யார் கேட்டாலும் எஞ்சின் கோளாறு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, காக்கா மாமா."

படகு அக்கரையைத் தொட்டது. நடு வரிசை வண்டிகள் சடசடவென்று இறங்கிப் போயின. ஆர்விட்டின் கார் ஓர வரிசையில் முதலாவதாக நின்றது. இரண்டு பக்கமும் இரும்புச் சுவர். பின்னால் ஒரு வெள்ளை வேன். அதற்குப் பின்னால் கடைசி வரை கார்கள். எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன.

படகு ஊழியர் ஸ்டைனார் ஓடி வந்தார். "என்னாச்சு ஆர்விட்?"

"எஞ்சின் கோளாறு."

"தள்ளிடலாம், கதவத் திற."

"கதவும்... எஞ்சினோட சேந்து கோளாறு."

பெரித் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஸ்டைனார் காரைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை, இழுக்கிற வண்டியும் கிடைக்காது. எனக்கு நேரமாச்சு. உங்க வரிசை முழுக்க என்கூடத் திரும்பி வாங்க. அந்தக் கரையில பாத்துக்கலாம்."

படகு வந்த வழியே கிளம்பியது. ஆர்விட் தூரமாய்ப் போகும் துறையையே எட்டி எட்டிப் பார்த்தார். சாவிக்காரர் அங்கே வந்து தேடுவாரே! ஆனால் துறையில் ஒரு ஈ, காக்காய் இல்லை.

போன் அடித்தது. தங்கை இங்ரித். "அண்ணே, எங்கண்ணே இருக்கே? பாதிரியார் வந்துட்டார். பிள்ளை வெறும் உடம்போட போர்வையில கிடக்கு!"

"இதோ வந்துட்டேம்மா, கரை தெரியுது." தெரிந்தது உண்மைதான். விலகிப் போகிற கரை.

வெள்ளை வேனிலிருந்து தாடிக்காரர் ஒருவர் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தார்.

"ஏம்ப்பா, உன் எஞ்சினுக்கு என்னதான் கேடு? நான் பாக்கட்டுமா? வேன்ல எல்லா சாமானும் இருக்கு."

"வேணாங்க! இது ரொம்ப நுட்பமான கோளாறு. ஆளக் கூப்பிட்டிருக்கேன், வந்துட்டே இருக்கான்."

"எப்ப வருவான்? எனக்கு அக்கரையில வேலை கெடக்குது!"

"எனக்கு மட்டும் இல்லையா? இருபது நிமிஷம்னு சொன்னான், ஒரு மணி நேரமாச்சு. இந்தக் காலத்துல யாருக்குமே பொறுப்பு கிடையாதுங்க."

"அதச் சொல்லு!" தாடிக்காரர் கொஞ்சம் தணிந்தார். "நேரத்துக்கு வராத ஆளுங்களக் கண்டா எனக்கும் பத்திக்கிட்டு வரும். போனப் போட்டு நல்லா நாலு வார்த்தை கேளு!"

நியாயமாகப் பட்டது. எழுதி வைத்த நம்பரை ஆர்விட் ஆத்திரத்தோடு அழுத்தினார்.

அதே நேரம் தாடிக்காரரின் சட்டைப் பையிலும் மணி அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று ஆர்விட்டிடம் விரலைக் காட்டிவிட்டு, அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்தார்.

"வணக்கம் சார், சாவிக்காரன்தான் பேசறேன். மன்னிச்சுக்கோங்க, இங்க படகுல ஒரு மடையன் வழிய மறிச்சு வண்டியப் போட்டுட்டு எஞ்சின் கோளாறுங்கிறான், சார்!"

ஆர்விட்டுக்கு அது இரண்டு காதிலும் கேட்டது: ஒன்றில் போன் வழியாக, இன்னொன்றில் நேராக.