பன்னிரண்டாவது முட்டை

2019 மார்ச் பதினொன்றாம் தேதி காலையில் வஹீபிடம் ஒரு முழுக் கப்பல் இருந்தது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபடி அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாஷா, கப்பல் முதலாளி இன்னிக்கும் ஆகாயத்துலதானா?" கரையிலிருந்து சாமான் கொண்டுவரும் படகுக்கார ஃபிக்ரி மாமா கீழேயிருந்து கத்தினார். "கயித்தை விடுடா. தண்ணியும் ரொட்டியும் தானா பறந்து மேல வராது."

"சத்தம் போடாதீங்க மாமா! இன்னிக்குத்தான் பன்னிரண்டாவது படி."

சூயஸ் வளைகுடாவில் நங்கூரமிட்டு நின்ற அந்தக் கப்பலை அதன் உரிமையாளர் கைவிட்டுத் தலைமறைவாகி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மற்ற மாலுமிகள் ஊர் திரும்பினர். கப்பலுக்குக் காவலாக ஒருவராவது இருந்தாக வேண்டும் என்ற நீதிமன்றம், அகப்பட்ட வஹீபின் பெயரை எழுதிக்கொண்டது. சிரியாவில், அர்வாத் தீவில், அவனுக்கு ஒரு மகள் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். அவளை அவன் இன்னும் தொட்டுப் பார்த்ததில்லை.

காவலிலிருந்து விடுபட அவன் நீதிபதியின் முன் நேரில் நிற்க வேண்டும். நேரில் நிற்பதற்குக் கரையிறங்க வேண்டும்; கரையிறங்குவதற்கு உரிமையாளரின் கையொப்பம் வேண்டும். இதற்குப் பெயர் சட்டமாம்!

அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஃபிக்ரி மாமா. பரீட்சைக்கு அழைப்பு வந்தவனுக்கு ஒரு நாள் இறங்க அனுமதி உண்டு என்று துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டு வந்தார். "ஒரு நாள் போதும்டா. அங்கிருந்து நேரா நீதிபதி முன்னால போய் நில்லு. அப்புறம் யார் உன்னைத் தூக்கிட்டு வந்து கப்பல்ல போடுறான்னு பாப்போம்."

கைப்பேசியிலேயே படித்து, முடிவில் மட்டும் கரையில் தேர்வு எழுதும்படியாக அவனுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: பறவை நோக்குவோருக்கான ஓராண்டுப் பயிற்சி. மாதம் ஒரு படி. தேறினால் திரையில் ஒரு முட்டை பொரிந்து குஞ்சு எட்டிப் பார்க்கும். இதுவரை பதினொரு குஞ்சுகள் வந்துவிட்டன. பன்னிரண்டும் பொரிந்தவர்களுக்குத்தான் மலையடிவாரத்தில் களத்தேர்வு.

களத்துக்கு வர இயலாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பது பயிற்சியின் விதி. ஆகவே சூயஸ் கரையில் இருப்பதாக மட்டும் சொல்லி, தன் நிலைமையை அவன் மறைத்திருந்தான். ஏழாம் மாதம், நாணற்காட்டுக்கு எல்லாரும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவித்தபோது அவனுக்கு வியர்த்துவிட்டது. பயிற்சியை நடத்தும் சுஹைர் டீச்சரோ, "உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்? மத்தவங்களுக்குத்தான் கண்ணு போதாது" என்று அவனை மட்டும் விட்டுவிட்டார்.

கைப்பேசி ஒலித்தது.

"வஹீப், நான் மலையடியில நிக்கிறேன். இப்பத்தான் என் தலைக்கு மேல ஒரு கூட்டம் போச்சு. உங்க பக்கம்தான் வருது. அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. ஒரே வாய்ப்புதான்."

சிறிது நேரத்தில் வானம் வெள்ளையும் கறுப்புமாகச் சுழன்றது.

"செங்கால் நாரை, டீச்சர்."

"எல்லாமேவா?"

அவன் தொலைநோக்கியை மறுபடியும் தூக்கினான். கூட்டம் விலகத் தொடங்கிவிட்டது. எவருடைய கையொப்பத்தையும் கேளாமல் அவை கடலைக் கடந்துகொண்டிருந்தன.

"மாமா, கயித்தை ஆட்டாதீங்க!"

"நான் எங்கடா ஆட்டுறேன்? நீதான் இன்னும் கயித்தையே விடலையே."

மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் வாலுக்குப் பின்னால் கால்கள் நீண்டிருந்தன. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அதன் வாலும் ஆப்பைப் போலக் கூம்பியிருந்தது.

"ஒண்ணு மட்டும் நாரை இல்ல டீச்சர். மஞ்சள்முகப் பாறுக் கழுகு. கூட்டத்தோட கூட்டமா ஒட்டிக்கிட்டு வருது."

வஹீப் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சபாஷ்!" என்றார் டீச்சர். "இங்க என்கூட நிக்கிற மூணு பேரும் அதைக் கோட்டை விட்டுட்டாங்க."

திரையில் கடைசி முட்டை விரிசல் கண்டு, குஞ்சு தலையை நீட்டியது. ஃபிக்ரி மாமா கைதட்டிக் குதித்ததில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மாமா, நீதிபதி முன்னால நிக்க நல்ல சட்டை ஒண்ணு வேணும்!"

"என் கல்யாணச் சட்டை இருக்குடா. தொப்பைக்கு விட்ட இடம் மட்டும் கொஞ்சம் தொங்கும்."

வஹீப் சிரித்தான். சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது அவனுக்கே தெரியவில்லை. "டீச்சர், களத்தேர்வுக்கு அழைப்பு எப்ப வரும்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நேத்து குழுவுல பெரிய சண்டையே போட்டேன். இப்படி ஒருத்தரை மறுபடியும் சோதிக்கிறது அவருக்கு அவமானம்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. இன்னிக்குத் தேறிட்டா உங்களுக்குக் களத்தேர்வே கிடையாது."

"ஐயோ, வேண்டாம் டீச்சர்! நான் வரணும். வந்தே ஆகணும்!"

"பாத்தீங்களா, இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது!" டீச்சரின் குரலில் பெருமை பொங்கியது. "நீங்க தேறுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க பேரை எடுத்துட்டு, பட்டியலைக் காலையிலயே மூடி அனுப்பிட்டேன். தேறினவங்களைத் திரும்பச் சேக்க முடியாது."

கீழே ஃபிக்ரி மாமா இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"சான்றிதழ் உங்களைத் தேடி வரும் வஹீப். இருக்கிற இடத்தை விட்டு நீங்க அசையவே வேண்டாம்!"